உள்ளது உள்ளபடியே

காக்கி புக்கிட், நான்காம் மாடி,
லாரி ஏறும் சரிவுப்பாதை முடிகிற மூலை.
தார்ப்பாயை ஒரே இழுப்பில் உருவுகிறார்
மெர்வின் ஷெப்பர்ட்சன்.
தூசி அடங்கியபின் வண்டி தெரிகிறது:
ஹில்மன் மின்க்ஸ், ஐம்பத்தொன்பதாம் வருடத்து உடம்பு.
நிறம் வெளிர்பச்சை என்கிறது பதிவுத்தாள்.
பொய் இல்லை.
பின்கதவின் உள்விளிம்பில்
இரண்டு விரல் அகலத்துக்கு இன்னும் வெளிர்பச்சைதான்.
மற்றதெல்லாம் வெயில் தின்ற மீதி.

முப்பத்தெட்டாயிரம் என்கிறார்.
நான் எதுவும் சொல்லவில்லை.

சொல்லாமல் இருப்பது என் தொழில்.
பத்தொன்பது வருடமாகக் காப்பீட்டு நிறுவனங்களுக்குச்
சேதம் மதிப்பிடுகிறேன்:
தீப்பிடித்த கிடங்கு, மழை புகுந்த அடித்தளம்,
பிஐஇ-யில் ஒன்றன் முதுகில் ஒன்று ஏறிய நான்கு வண்டிகள்.
அழுகிறவர் எதிரிலேயே நின்று
தேய்மானம் கழிக்கத் தெரியும் எனக்கு.

காந்தம் கொண்டுபோயிருந்தேன்,
வீட்டு ஃபிரிட்ஜ் கதவிலிருந்து எடுத்தது,
டுரியான் வடிவம்.
முன்மூடியில் ஒட்டியது. கூரையில் ஒட்டியது.
இடது கதவுக்குக் கீழே வைத்ததும்
வழுக்கி விழுந்து வண்டிக்கடியில் உருண்டது.
இரும்பு இருக்க வேண்டிய இடத்தில் வெறும் பட்டி.
"அப்பா பூசினது. எழுபத்தொன்றில்,
ஒரு ஞாயிற்றுக்கிழமை."
அந்த ஞாயிறுக்கு இரண்டாயிரம் கழித்தேன்.

கால்மிதியைத் தூக்கினால் ஐம்பது காசு அளவு ஓட்டை,
அதன் வழியே சிமெண்டுத் தரை.
நாலாயிரம்.
இருக்கைத் தோல் பிளந்திருக்கிறது.
அதற்கு எவ்வளவு என்று எழுதப் போய்
பேனா நின்றுவிட்டது.
அது அந்த இருக்கையின் சொந்தப் பிளவு.

புதுப்பித்த வண்டிக்கு ரசீது இருக்கும்.
யாரும் தொடாத வண்டியில்
தொடாமல் விட்டதற்கு எந்தக் கணக்கில் விலை போடுவது?
சோம்பலா, பக்தியா,
கையில் காசில்லாமல் போனதா?
புதுப் பெயின்ட் எத்தனை முறை வேண்டுமானாலும் அடிக்கலாம்.
இந்தப் பெயின்ட் ஒரு முறைதான் அடித்தது.

யானை வாங்கினவன்
அங்குசத்துக்குப் பேரம் பேசக்கூடாது என்பார்கள்.
இந்த ஊரில் அங்குசம்தான் விலை, என்பான் தயாநிதி,
சாலையில் இறங்கத் தரும் தாளைச் சொல்லி.
வருடத்தில் நாற்பத்தைந்து நாள் ஊர்வலம்,
மிச்ச முன்னூற்றிருபது நாளும்
யானை நிற்கிற இடத்துக்கு வாடகை.
தாலி கட்டினவன் பேச்சையும் கழித்து
இருபத்துநாலாயிரம் என்று குறித்து
அடிக்கோடு இரண்டு போட்டுத்தான் கிளம்பியிருந்தேன்.

துண்டுக்கடியில் விரல் தொடுகிற பேரமில்லை.
கைப்பேசியில் எண்ணைத் தட்டித்
திரையைத் திருப்பிக் காட்டுகிறோம்.
இருபத்திரண்டு. முப்பத்தைந்து.
இருபத்துமூன்றரை. முப்பத்தொன்று.

இன்னும் ஒரு சுற்று மௌனம் போதும், இறங்கிவிடுவார்.

அப்போதுதான்,
விற்கிற பொருளைச் சுத்தமாகத் தரும் மரியாதையில்,
முன்பலகையிலிருந்து சாம்பல் கிண்ணத்தை உருவிக்கொண்டு
குப்பைத்தொட்டிப் பக்கம் திரும்பினார்.
உள்ளே சாம்பல் இல்லை.
பார்க்கிங் கூப்பனில் கிழித்த காகித வட்டங்கள்,
மணி, நிமிடம், தேதி, மாதம்,
விளிம்புவரை.
தரையில் போட்டால் அபராதம் என்று
யாரோ வருடக்கணக்கில்
ஒழுங்காக அதற்குள் போட்டு வந்திருக்கிறார்கள்.
யாருக்காகக் காத்திருந்த அரைமணிகளோ.

"கொட்டாதீர்கள், இருக்கட்டும்" என்றேன்.

கிண்ணம் பாதிச் சாய்வில் நின்றது.
மெர்வின் என்னைப் பார்த்தார்,
வாங்கிவிட்டவளைப் பார்ப்பது போல.
அதற்குப் பிறகு அவர் திரை
முப்பத்தொன்றைவிட்டு நகரவில்லை.

ஏழாயிரம் அதிகம்.
சொல் ஒன்றுக்கு மூவாயிரத்து ஐந்நூறு.

கிண்ணத்தை நானே உள்ளே தள்ளினேன்,
சற்று இடப்பக்கம் அழுத்தினால்தான் போகிறது.
பிறகு முட்டிபோட்டு
எண்ணெய்க் கறையிலிருந்து டுரியானைப் பொறுக்கித் துடைத்து
பட்டி இல்லாத இடமாகப் பார்த்து
ஒட்டிவிட்டுக்
கையெழுத்துப் போட்டேன்.