கம்பத்தில் ஆள்

மன்னவனூரில் காற்றுக்கு ஓய்வு கிடையாது.
கூரைத் தகரத்தைக் கழற்றிக்கொண்டு போய்
கேரட் காட்டில் போட்டுவிட்டு
மறுநாள் ஒன்றும் தெரியாததுபோல் வந்து நிற்கும்.
"இதுக்கு ஒரு வேலை கொடுத்தா என்ன?" என்றார் இவர்.
பேசியது இவர். வேலை பார்த்தது நான்.

பம்புசெட் மோட்டாருக்குக் காயில் சுற்றும் கை என்னுடையது.
ஒன்பது காயில், ஒவ்வொன்றும் எண்பது சுற்று.
ஆறாவதில், அறுபத்துமூன்றாம் சுற்றில்
இமாகுலேட் கணக்கு நோட்டோடு வந்தாள்.
எண்ணிக்கை போச்சு.
பிரித்து, மறுபடி ஒன்றிலிருந்து.
அந்தக் காயில் மட்டும்
கொஞ்சம் கோபமாக இறுகிவிட்டது.

காந்தங்கள் பார்சலில் வந்த அன்று
ஒன்று ஸ்பேனரை நோக்கிப் பாய்ந்தது.
நடுவில் இவர் கட்டைவிரல்.
அந்த நகம் உதிர்ந்து வேறு நகம் முளைப்பதற்குள்
குமிழ் மரத்தில் மூன்று இறக்கை செதுக்கினோம்,
பூண்டு நிறுக்கிற தராசில் வைத்து
எடை ஒன்றாகும்வரை இழைத்தோம்.
வாலுக்கு, மூடிப்போன கடையின் தகரப் பலகை.
'பூண்டு மண்டி' என்றிருந்ததில்
'ண்டு ம' மட்டும் மிஞ்சியது.
காற்று எந்தப் பக்கம் என்று
அந்த மூன்றெழுத்துதான் இப்போது ஊருக்குச் சொல்கிறது.

நாற்பதடிக் குழாயை ஜீப்பில் வடம் கட்டி நிமிர்த்தினார்கள்.
கைதட்டக்கூட யாருக்கும் தோன்றவில்லை.
இரண்டாம் நாளே ஒரு காட்டுமாடு வந்து
இழுகம்பியில் முதுகைச் சொறிந்துவிட்டுப் போனது.

மின்வாரிய ஆபீசுக்கு ஆறு நடை.
"சோலாருக்கு ஃபாரம் இருக்கு,
காத்துக்கு இல்லையேம்மா" என்றார் பொறியாளர்.
ஏழாவது நடையில்
'சோலார்' என்பதை அடித்து 'காற்று' என்று எழுதி
பச்சை மையில் ஒரு கையெழுத்து.

இன்வெர்ட்டர் ஒரு தினுசான பிராணி.
மேலே எவ்வளவு சுற்றினாலும்
முதலில் லைனில் காதை வைக்கும்.
அங்கே நொடிக்கு ஐம்பது துடிப்பு.
அதே துடிப்பு தனக்கும் வாய்த்த பிறகுதான்
கதவைத் திறக்கும்.
முதல் நாள் கால் யூனிட் வெளியே போனது.
இவர் மீட்டர் பெட்டிக்கு முன்னால்
நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.
கீழ்வீட்டு மிக்ஸியில் நம்ம காத்துதான்
சட்னி அரைக்குது என்றார்.

ஐப்பசியில் மரம் விழுந்து லைன் அறுந்தது.
காத்தாடி பேய்ச் சுற்று சுற்றுகிறது,
எங்கள் வீட்டிலும் இருட்டு.
"இவ்வளவு செலவழிச்சு இதுக்குத்தானா?"
கேட்டவர்களுக்குச் சொல்ல
என்னிடம் ஒரு மெழுகுவர்த்திதான் இருந்தது.
லைன் செத்தால் இதுவும் சாக வேண்டும்,
அப்படித்தான் அதன் ஜாதகம்.

இவர் ஸ்க்ரூடிரைவரை எடுத்தார்.
"ரெண்டு ஒயர்தான். மாத்திக் கொடுத்தா மூணு பல்பு எரியும்."
நான் ஜன்னலைத் திறந்தேன்.
வளைவில், டிரான்ஸ்ஃபார்மர் பக்கம்,
மழைக்குள் ஒரு டார்ச் வெளிச்சம்
தரையில் இல்லை, கம்பத்தின் பாதியில் இருந்தது.
"யக்கா! உங்க காத்தாடி?"
மாயழகின் குரல்.

மூன்று ஒயரையும் ஒன்றாக்கும் பிரேக் சுவிட்ச்.
காற்று மூச்சு வாங்கிய ஒரு கணம் பார்த்துத் தள்ளினேன்.
ஒன்பது காயிலும் சேர்ந்து பிடித்தன,
அந்தக் கோபக்காரியும்தான்.
இறக்கைகள் முனகி, தயங்கி,
மாடு செக்கில் நடப்பதுபோல் ஆகிவிட்டன.
"நின்னாச்சு! ஏறு!"
இவர் ஸ்க்ரூடிரைவரைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.
அதன்பின் பேசவில்லை.

ஒன்பதே முக்காலுக்குக் கரண்ட் வந்தது.
பிரேக்கை எடுத்தேன்.
இன்வெர்ட்டரின் பச்சை விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தது.
"என்னம்மா செய்யுது?" என்றாள் இமாகுலேட்.
"கேக்குது."

மாயழகு ஈரம் சொட்டச் சொட்டக்
கட்டங்காப்பிக்கு வந்தான்.
டம்ளரைப் பிடிக்காமல்
முதலில் மீட்டரை எட்டிப் பார்த்தான்.
"ஆறு மணியிலேருந்து எவ்வளவு போயிருக்கு?"
"சைபர்."
"நல்லது" என்று சொல்லிச்
சர்க்கரை கேட்டான்.