முப்பதாம் லெவல் குதிரை

முப்பதாம் லெவலில் எல்லோருக்கும் ஒரு குதிரை வரும்.
எனக்கும் வந்தது.
சாம்பல் நிறம், நெற்றியில் வெள்ளை,
ஏறினால் அறுபது வீதம் கூடுதல் வேகம்.
லாயத்தில் கட்டிவிட்டு
ஓடத் தொடங்கினேன்.

"அக்கா, குதிரையில ஏறுங்கோ" என்கிறான்
மல்லாவியிலிருந்து பாவரசன், ஹெட்செற்றுக்குள்.
அவனிடம் சிறகு முளைத்த ஓநாய்.
ரொறன்ரோவில் பின்னேர வேலைக்குப் போகுமுன்
ஒரு மணித்தியாலம் மட்டும் வருகிற துளசிகன்
நாகத்தின் மேல் வருவான், காசு கொடுத்து வாங்கினது.
அவர்கள் கோபுர வாசலில் நின்று கொட்டாவி விடுகிற நேரம்
நான் இன்னும் இரண்டாம் மலைக்கு இங்கால்
புல்லுக்குள்.

கணக்குத் தெரியாமலில்லை.
குதிரையில் நாலு நிமிடம், காலால் பதினொன்று.
ஆனால் குதிரையில் இருந்தபடி மூலிகை பிடுங்க ஏலாது,
ஒவ்வொரு செடிக்கும் இறங்கி ஏறவேணும்.
காட்டுப்பன்றி ஒரு இடி இடித்தால்
குப்புற விழுந்து மூன்று வினாடி மயக்கம்.
இப்படித்தான் அவர்களுக்குச் சொல்லிவைத்திருக்கிறேன்.
மூலிகை ஒன்றும் நான் பிடுங்குவதில்லை.

விடிய ஐந்தே காலுக்கு மாங்குளம் சந்தியில் வாகனம்.
ஆறரைக்குக் கவசம், முகக்கண்ணாடி.
அம்பகாமம் பக்கம் ஒரு பாலைமரத்தடியில் தொடங்குகிறது
என்னுடைய பாதை, ஒரு மீற்றர் அகலம்.
முழந்தாளில் நின்று முதலில் புல்.
கத்தரிக்கோலால், பிடிபிடியாக, வேரை அசைக்காமல்.
பிறகு டிற்றெக்டர்.
கத்தினால் அந்த இடத்தில் சிவப்பு வில்லை வைத்து
ஒரு சாண் பின்னால் இருந்து
மண்ணைச் சுரண்டிக்கொண்டு போவேன்.
ஒரு ஆணி.
மீன்ரின் மூடி.
ரவைக் கோது.
திரும்பவும் ஆணி.
வெள்ளி முழுநாளும் நான் போன தூரம்
படுக்கிற பாயைவிடக் குறைவு.
தண்ணீர் குடிக்கப் போவதென்றாலும்
வெள்ளைத் தடிகளுக்கு நடுவால்தான்.

சனி இரவு, நைற் டேற்றா தொடங்கினதும்
கோட்டை வாசலைத் தாண்டுகிறேன்.
பாதை இடப்பக்கம் போகிறது.
போகட்டும்.
இடுப்பளவு புல்,
யாரும் ஒரு தடி நடாத புல்,
கீழே பாராமல் ஓடுகிறேன்.
சப்பாத்தைக்கூட விற்றுவிட்டேன்,
பாதுகாப்பில் ஏழு புள்ளி போனது.
காலடிக்கு நாலு சத்தம் வைத்திருக்கிறார்கள்,
கல், பலகை, தண்ணீர், புல்.
புல்லின் சரசரப்பை
ஹெட்செற்றில் முழுசாகக் கூட்டிவைத்துக் கேட்கிறேன்.
குதிரையில் போனால் எல்லாவற்றுக்கும் ஒரே குளம்பு.

போன சனி கோபுரத்தில் அரக்கி இறங்கினாள்.
பத்து நிமிடம்தான் நிற்பாள்.
நான் போய்ச் சேர்ந்தபோது பாவரசன் செத்துக் கிடந்தான்,
துளசிகனும் செத்து, வேலைக்கும் பிந்தி.
"உங்களுக்கு ஏன் குதிரை? வித்துத் துலையுங்கோ."
பிறகு கொஞ்ச நேரம் மைக்கில் மூச்சு மட்டும்.
நியாயமான கோபம்.
அவனுக்கு என் வேலை தெரியும்,
அவன்ர மாமாவின் காணி எங்கட அணி துப்புரவாக்கினதுதான்.
இதையும் அதையும் சேர்த்துப் பார்க்கவில்லை.
பார்க்கவும் வேண்டாம்.

நேற்றிரவு லாயத்துக்குப் போனேன்.
அந்தக் குதிரை தீனி கேட்காது, வயது போகாது,
இத்தனை மாதமும் தலையை ஒரே மாதிரி ஆட்டிக்கொண்டு நிற்கிறது.
ஏறினேன். நாலு நிமிடம்.
கோபுர வாசலில் முதல் ஆள் நான்.
"அக்காவோ இது!" என்றான் பாவரசன்,
குரலில் பழைய கோபம் ஒரு துளியும் இல்லை.
அரக்கி ஆறாம் நிமிடம் விழுந்தாள்.
பங்கு பிரித்ததில் எனக்கு வந்தது
ஒரு சோடிச் சப்பாத்து.

திரும்பும்போது குதிரையைக் கையில் பிடித்து
நடத்திக்கொண்டு வரலாமா என்று பார்த்தேன்.
அதற்கு வழி வைக்கவில்லை,
இறங்கினால் குதிரை மறைந்துவிடும்.
இறங்கினேன்.

சப்பாத்து விற்கிற சந்தை மலைக்கு அங்கால்.
பாதிப் புல்லில் மழை பிடித்தது,
அங்கேயும், தகரத்துக்கு மேலேயும்.
விடியும்வரை விடாமல் பெய்தால்
நாளைக்கு வேலை இராது.