விடாதே

ஜாலான் டூத்தா நீதிமன்றம், மூன்றாம் மாடி.
குளிர்சாதனம் எலும்பு வரை இறங்கும் அறை.
சால்வை இல்லாமல் நான் போவதில்லை.
பதினாறு ஆண்டாகத் துபாசி.
சத்தியம் செய்திருக்கிறேன்:
கூட்டமாட்டேன், குறைக்கமாட்டேன்,
உள்ளதை உள்ளபடி மலாயில் தருவேன்.

கூண்டில் அமிர்தகௌரி.
மருத்துவமனைக் கழிவறைகளைக் கழுவும் ஒப்பந்தத் தொழிலாளி.
நான்கு மாதச் சம்பளம் பாக்கி.
ஒரு சனிக்கிழமை
சோகோ முன்னால் எழுபது பேரைக் கூட்டினாள்.
ஐந்து நாள் முன்பே ஏன் அறிவிக்கவில்லை என்றார்கள்.
"போனேனே. பாரம் தீர்ந்துபோச்சு,
திங்கட்கிழமை வான்னு அனுப்பிட்டாங்க."
அதையும் மொழிபெயர்த்தேன்.
யாரும் சிரிக்கவில்லை.

சாட்சி, கோப்ரல் சம்சூரி.
இடது புருவத்தின் மேல் ஏழு தையலின் தழும்பு.
போத்தலை எறிந்தது யார் என்று தெரியாது.
அவள் இல்லை. அதை அவரே சொன்னார்.
அவள் கையில் ஒலிபெருக்கிதான் இருந்தது.
அதில் அவள் சொன்னதுதான் வழக்கு.

காணொளி ஓடியது.
மழை. சிவப்பு லாரி. நனைந்த அட்டைகள்.
விடாதே! விடாதே!
மூன்று நொடி கழித்துப் போத்தல் பறக்கிறது.

நீதிபதி என் பக்கம் திரும்பினார்:
என்ன பொருள்?

பஸ்ஸை விடாதே.
நாயை உள்ளே விடாதே.
பரீட்சையில் ஒரு கேள்வியையும் விடாதே.
பிரசவ அறையில் என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு
ஒரு தாதி: இன்னும் கொஞ்சம், விடாதே.
புடு சந்தில் ஒருவனைத் துரத்திய கும்பல்:
டேய், விடாதே.

மலாயில் எனக்கு இரண்டு கதவு.
ஜாங்ஙான் மெங்ஙாலா. தளராதே.
அதைத் திறந்தால் அவள் வீட்டுக்குப் போகலாம்.
ஜாங்ஙான் லெப்பாஸ்கான். தப்பவிடாதே.
அதைத் திறந்தால் மூன்று ஆண்டு வரை.

"துவான், இந்தச் சொல்லுக்கு..." என்று இழுத்தேன்.
"ஒரு சொல் போதும், புவான்."
தட்டச்சுக்காரரின் விரல்கள் காத்திருந்தன.
அவளுடைய வக்கீல் லிம்முக்குத் தமிழ் தெரியாது.

தழும்பைப் பார்த்தேன்.
போன வருஷம் என் மகனின் பள்ளிப் பேருந்தை
ஒரு கும்பல் மறித்துக் கண்ணாடியைத் தட்டியபோது
இப்படியொரு சீருடைதான் நடுவில் நின்றது.
அவள் விரல்களையும் பார்த்தேன்,
குளோரின் நகத்தைத் தின்றிருந்தது.

தளராதே என்றேன், மலாயில்.
கூட்டினேனா, குறைத்தேனா,
இன்றுவரை எனக்குத் தெரியாது.

வழக்கு அடுத்த மாதத்துக்குப் போனது.
அதுவரை பிணை வேண்டாம் என்று
அரசு வக்கீல் எழுந்தார்.
பொது அமைதி. நாட்டின் பாதுகாப்பு.
இன்ன பிரிவு, அதன் உட்பிரிவு.
அவர் பேசுவதை அவள் காதில் தமிழாக்குவதும்
என் வேலைதான்.
"என்னாங்க சொல்றாரு?"
பத்து நிமிடப் பேச்சு.
என் கையில் மிஞ்சியது ஒன்றுதான்.
"விடாதேங்கிறார்."
அவள் சிரித்துவிட்டாள்.
நீதிமன்றச் சேவகர் அதட்டினார்.

பிணைத்தொகை இன்னும் மூவாயிரம் ஏறியது.
கழிவறைப் பெண்கள் பத்தும் ஐந்துமாக எண்ணினார்கள்.
கவுண்டர் மூடப்போகும் நேரம்,
ஒருத்தி எண்ணிக்கை தவறி
முதலிலிருந்து தொடங்கினாள்.

மின்தூக்கி அருகே கோப்ரல் நின்றிருந்தார்.
"புவான், நான் விழுந்தபோது
ஒருத்தி என் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு
அதையேதான் கத்தினாள்.
கண்ணில் ரத்தம், முகம் தெரியவில்லை.
என்னைத் தூக்கினாளா?
பிடித்துக் கொடுத்தாளா?
உங்கள் மொழியில் அது எது?"

கதவு திறந்தது. கையால் அதைத் தடுத்து நின்றார்.
உள்ளே இருந்தவர்கள் கடிகாரம் பார்த்தார்கள்.
"எப்படிக் கத்தினாள், சொல்லுங்கள்."
அவர் தொண்டையைச் செருமி,
தன் மலாய் நாக்கில், முதலெழுத்தை நீட்டி,
அக்கம்பக்கம் பார்த்து,
மிக மெல்ல
அந்தச் சொல்லைச் சொல்லிக் காட்டினார்.

இன்னொரு தடவை, என்றேன்.