மணிகள் ரோமில் இருக்கும்போது

எங்கள் ஊரில் பிள்ளைகளுக்கு இப்படித்தான் சொல்வது:
பெரிய வியாழன் இரவு, வானவர் கீதம் முடிந்த கையோடு
மணிகள் ரோமுக்குப் பறந்துவிடும்,
பாவசங்கீர்த்தனம் செய்ய.
ஆண்டு முழுக்க ஊரார் சாவையெல்லாம்
உரக்கச் சொன்ன நாக்கு.
சொல்ல நிறைய இருக்கும்.

அவை திரும்பும்வரை
மரக்கிலுக்குச் சுழற்றித் தெருத்தெருவாய் நேரம் கூவுவது
பிள்ளைகள் வேலை.
விடியலில் அவர்களுக்கு முன்னே டார்ச் பிடிப்பது
என் வேலை.

இந்த முறை நால்வர்.
துவார்த்தே, யாரா, மைத்தே,
கிலுக்கைவிடக் கொஞ்சமே உயரமான பெலிக்ஸ்.
மூவர் வீட்டில் போர்த்துகீசியம்.
கூவுவது மட்டும் சுத்த லக்சம்பர்கிஷ்,
என் கணவரைவிடத் திருத்தமாக.

மோசெல் ஆற்றில் பனி.
அக்கரை ஜெர்மனி.
அங்கும் மணி இல்லை.
பங்குத்தந்தை செலெஸ்தினுக்கு ஒன்பது ஊர்கள்;
ஆண்டவர் மூன்று மணிக்கு மரித்தார் என்றாலும்
எங்களுக்குக் கிடைத்தது ஐந்தரை.
சனி இரவு திருவிழிப்பு எங்கள் முறை.
அதற்காக இரண்டு ஊர்கள் எங்களோடு பேசுவதில்லை.

கடிதம் புதன்கிழமையே வந்திருந்தது.
பதினேழாம் எண், திராட்சைச் சரிவின் அடியில் புதுவீடு.
மிரெய் கோலே, செவிலியர்.
மரியாதையான மூன்றே வரி.
கடைசி வரி:
நண்பகல் எனக்கு நடுநிசி.

பங்குக் குழுவில் ஒருவர் மேசையைத் தட்டினார்,
முந்நூறு வருட வழக்கம் என்றார்.
நூற்றைம்பது என்றார் இன்னொருவர்.
பிறகு சண்டை அதைப் பற்றியதாகிவிட்டது.

பெரிய வெள்ளி நண்பகல்
பதினாறாம் எண் தாண்டியதும்
துவார்த்தே கையை உயர்த்தினான்.
நான் சொல்லவில்லை.
கிலுக்குகள் மார்போடு அணைந்தன,
தூங்கும் பூனையைத் தூக்கிப்போவதுபோல்.
பெலிக்ஸ் மட்டும் வாயைத் திறந்து திறந்து மூடினான்,
சத்தமில்லாமல்
முழு வாசகத்தையும் கூவி முடித்தான்.
சரளைக்கல்லில் எட்டுச் செருப்புகள்.
அன்று நான் பார்த்த சிலுவைப்பாதையில்
பதினான்கு நிலைகளுக்கும் வெளியே
அது ஒன்று.

சனி மாலை முட்டை தண்டும் நேரம்.
பதினேழின் வாசலில் வழக்கு:
"இவங்களுக்கு நாம நேரம் சொல்லவே இல்லையே,
எப்படிக் கேட்கிறது?" என்றாள் மைத்தே.
"சும்மா இருந்தோமே, அது எவ்வளவு கஷ்டம்!"
யாரா மணியை அழுத்திவிட்டாள்.

ஈரத் தலையோடு வந்தாள் அந்தப் பெண்.
கடிதம் நினைவுக்கு வந்து முகம் சிவந்தது.
சாயம் தோய்த்த முட்டை அவளிடம் இல்லை.
மருத்துவமனை உணவகத்தில் தந்த அவித்த முட்டை நான்கு,
மேலே தேதி முத்திரை.
ஒவ்வொருவர் கையிலும் ஒன்று வைத்தாள்,
மாத்திரை கொடுக்கும் பழக்கத்தில்
விழுங்கும்வரை நிற்பவள்போல் நின்றாள்.

"இது எப்படி வேலை செய்யும்?"

பெலிக்ஸ் நீட்டினான்.
அவள் ஒரு சுற்றுச் சுற்றினாள்.
எங்கள் தெரு அப்படியொரு சத்தத்தைக் கேட்டதில்லை.
எதிர்வீட்டு நாய், அதன் பின்னே அதன் எஜமான்,
மேல்மாடி சன்னல்கள் இரண்டு.
கிலுக்கின் பல்லொன்று தெறித்து
ரோஜாச் செடிக்குள் போய்விட்டது.
அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

இரவு, முற்றத்தில் நெருப்பு பிடிக்க மறுத்தது.
பழைய திராட்சைக் கொடிகள், மழையில் ஊறியவை.
தந்தை செலெஸ்தின் மண்டியிட்டு ஊதினார்,
புகையில் இருமிக்கொண்டே
பாஸ்கா திரியைப் பற்றவைத்தார்.
வானவர் கீதம் தொடங்க
கோயில்பிள்ளை தீல் சுவர்ப்பெட்டியைத் திறந்து
இரண்டாம் பொத்தானை அழுத்தினார்.
ரோமிலிருந்து திரும்பும் வழி அதுதான்.
பிள்ளைகளுக்கும் தெரியும்.
தெரிந்தும் நால்வரும் கூரையையே பார்த்தார்கள்.

காற்று வாங்க வெளியே வந்தேன்.
மணியோசை சரிவில் இறங்கி
பதினேழாம் எண் மேல் கொட்டிக்கொண்டிருந்தது.
விளக்கில்லை. காரும் இல்லை.
இரவுப் பணி.

நாளை செடிக்குள் அந்தப் பல்லைத் தேடவேண்டும்.
அவள் உறங்கும் நேரம் பார்த்து.