ஏழாம் கட்டம்

சாப்டூர்ப் பள்ளிக்கூடத்தில்
மூன்றாம் வகுப்பு பெஞ்சில்
முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள் பதினோரு பேர்.
மதுரையிலிருந்து நான் சுமந்து போனது
ஒரு புரொஜெக்டர், பன்னிரண்டு அளவு டேப்,
ஆறு கட்டம் போட்ட படிவம் ஐந்நூறு.
கரண்ட் இல்லை.
திரையில் வரவேண்டிய சாம்பல் அணிலைக்
காற்றில் விரலால் வரைந்தேன்.
"வாலு பத்தாது" என்றார் ஒச்சம்மாள்.

தேதி. நேரம். மரம்.
அடிமரச் சுற்றளவு.
கூடு இருக்கும் உயரம்.
பக்கத்து மரத்தின் கிளை தொடுகிறதா, இல்லையா.
அவ்வளவுதான் என்றேன்.
கிளை தொடாவிட்டால் அணில் தரைக்கு இறங்கும்,
தரையில் நாய் இருக்கும்,
அதற்குக் கட்டம் வேண்டாம் என்றேன்.

வனச்சரக அலுவலகத்தில் வருகைப் பதிவு.
பழைய பேரேட்டைத் தலைகீழாகத் திருப்பி
பின்பக்கத்திலிருந்து தொடங்கியிருந்தார்கள்.
ஒச்சம்மாள் அதை நேராக்கிப் புரட்டினார்,
வெகுநேரம்.
விறகுச் சுமை ஒன்று, அபராதம் முந்நூறு,
நீல மையில் ஒரு பெருவிரல்.
"என்னோடதுதான்."
யாரும் எதுவும் சொல்லவில்லை.
மறுபடி திருப்பிப்போட்டு
அன்றைய தேதிக்கு நேரே
எழுத்தெழுத்தாக நிறுத்தித் தன் பேரை எழுதினார்.
புள்ளிகளை மட்டும் கடைசியில் வைத்தார்,
அழுத்தி.

ஓடைமேட்டில் கட்டிய கேமரா
இருபத்தாறு நாளில் எடுத்தது ஆயிரத்து நூற்று நாற்பது படம்.
ஆடும் புல் தொள்ளாயிரத்துச் சொச்சம்.
யாருடையதோ ஆடு.
பேட்டரி பார்க்க வந்த தவசியின் நெற்றி, நாற்பது கோணத்தில்.
ஒரு சிறுத்தையின் பின்பாதி.
தவசி தன் நெற்றியை மட்டும் போனில் ஏற்றிக்கொண்டார்.

படிவங்கள் திரும்பி வந்தபோது
ஒச்சம்மாளுடையதில் ஒரு கோடு கூடுதல்.
ஸ்கேல் வைக்காமல் இழுத்த ஏழாம் கட்டம்.
அதில்:
கோட்டைச்சாமி குத்தகை, சாயங்காலம் பேசலாம்.
மில்லுக்காரர் தோப்பு, அவரு சம்சாரம் கேப்பாங்க.
புறம்போக்கு, தலையாரி.
இவன் கேக்க மாட்டான், இவன் மச்சினன் கேப்பான்.
சிவப்பு மையில் குறுக்குக்கோடு போட்டு
'தேவையில்லை' என்று எழுதியவன் நான்.

பங்குனி முடிவதற்குள் அறிக்கை கேட்டார்கள்.
'உள்ளூர்த் திறன் வளர்க்கப்பட்டது: 11 நபர்கள்.'
வளர்த்தது யார் என்று கேட்க
அந்தத் தாளில் இடமில்லை.
முதல் கட்டம் நிறைவு.
இரண்டாம் கட்டம் பரிசீலனையில்.
டேப்புகளை எண்ணித் திருப்பி வாங்கச் சொன்னார்கள்,
பதினொன்று வந்தது.
ஒன்று தொலைந்தது என்று எழுதிவிட்டேன்.

ஆனி மாதம், டி.கல்லுப்பட்டியில்
பஸ் மாறி நின்றபோது போன்.
"சார், ஓடைக்கரை நாவமரத்துல கூடு.
மொட்டை அடிக்க ஆளு வந்துட்டான்.
கோட்டைச்சாமிகிட்ட பேசிட்டேன்.
குட்டி இறங்குற மட்டும் வடபக்கத்துக் கொப்பத் தொட மாட்டாரு.
அதுக்குப் பதிலா எம்மவன் அவருக்கு
நாலு நாள் மாங்கா இறக்கணும்."

சம்பளம் நின்று மூன்று மாதம் ஆகிறது என்பதை
அவர் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.
பின்னால் யாரோ கரும்புச்சாறு மிஷினை ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

"படிவம் தீந்துபோச்சு.
மளிகைக்கடை காலண்டர் பின்னால
கோடு போட்டுக்கிட்டேன்" என்றார்.
எத்தனை கட்டம், என்றேன்.
"இதென்ன கேள்வி.
மரத்துச் சுத்தளவு அறுபத்தெட்டு இஞ்ச்.
எழுதிக்கிறீங்களா?"

பேனா இருந்தது.
தாள் இல்லை.
டிக்கெட்டின் பின்பக்கம் எழுதினேன்,
அறுபத்தெட்டு, நாவல், வடபக்கம்,
மாங்காய் நாலு நாள்.