மருந்து வைக்காத குச்சி

ராணிப்பேட்டைப் பயிற்சியில் கொடுத்த படிவத்தில்
முதல் கட்டம்: சிக்கல்.
'ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள்
கேள்வி கேட்டால் வாய் திறப்பதில்லை.'
இரண்டாம் கட்டம்: காரணம்.
பேனா நிற்காமல் ஓடியது.
கூச்சம். வீட்டுச் சூழல். பெற்றோருக்கு அக்கறை இல்லை.
இன்னும் ஒரு வரி இடமிருந்தது,
வறுமை என்று போட்டு மூடினேன்.

ஆதாரம் வேண்டுமாம்.
மேசைமேல் இருந்த சாக்குக்கட்டிப் பெட்டிக்குப் பின்னால்
கைப்பேசியைச் சாய்த்துவைத்து
ஒரு பாடவேளை முழுக்கப் பதிவு செய்தேன்.

ராத்திரி, குழந்தை தூங்கிய பிறகு,
காதில் மாட்டிக் கேட்டேன்.
நாற்பது நிமிடத்தில் முப்பத்துநாலு நிமிடம் நான்.
கேள்வி கேட்கிறேன்,
ஒரு தும்மல் போடும் நேரம்கூட விடவில்லை,
நானே பதில் சொல்லி
நானே 'வெரி குட்' என்கிறேன்.
யாருக்குச் சொன்னேன்?
பின்னால் குடியாத்தத்துத் தறிச் சத்தம் மட்டும்
விட்டுக்கொடுக்காமல்
என்னோடு பேசிக்கொண்டிருக்கிறது.

மறுநாள் கடைசி வரிசை ஹேமாவதியைக் கூப்பிட்டேன்.
அவள் அம்மா தீப்பெட்டிக் கம்பெனியில்.
மருந்து வைக்காத குச்சி
ஒரு டப்பா நிறைய கொண்டுவந்தாள்.
'தாளில் கட்டம் போடு, பேர் எழுது.
நான் யாரைக் கேட்கிறேனோ
அவங்க கட்டத்தில் ஒரு குச்சி.'

வெள்ளிக்கிழமை மாலை எண்ணினோம்.
லோகேஷ்வரன் பத்தொன்பது.
யாமினி பதினாலு. தஸ்லீம் பதினொன்று.
பிறகு இரண்டு, ஒன்று,
பிறகு வெறும் வெள்ளை,
கோடையில் கவுண்டன்ய ஆறு கிடக்கிற மாதிரி.

முப்பத்தொரு பேர் வகுப்பில்
முப்பது கட்டம்தான் இருந்தது.
'உன் பேர் எங்கடி?'
'நீங்க கேக்கறவங்களுக்குத்தானே மிஸ்
கட்டம் போடச் சொன்னீங்க.'

அன்றைக்குக் காரணம் கட்டத்தை
மொத்தமாக அடித்துவிட்டேன்.
பக்கத்தில் என் பெயரை எழுத நினைத்து
'காத்திருக்கும் நேரம்' என்று எழுதினேன்.
படிவத்துக்கும் ஒரு மரியாதை இருக்கிறதே.

கேள்வி கேட்டபின் நாலு மூச்சு.
கேட்க எளிது.
இரண்டாவது மூச்சில் நாக்கு அரிக்கும்.
மூன்றாவதில் லோகேஷ்வரன்
கையைத் தோளோடு பிடுங்கி எறிந்துவிடுவான் போலிருக்கும்.
வேலூர் வெயிலில் தகரம் முறுகும் சத்தம் கேட்கும்.
முதல் வாரம் ஒன்றுமே நடக்கவில்லை.
இரண்டாம் வாரம் ஒரு தப்பான பதில் வந்தது,
பின்வரிசையிலிருந்து, முழுசாக.
கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது.

மூன்றாம் வாரம், செவ்வாய்.
'மூன்றில் ஒன்று பெரிசா, நான்கில் ஒன்று பெரிசா?'
நாலு பெரிசு, ஆகவே நான்கில் ஒன்று என்று
வகுப்பே கத்தியது, லோகேஷ்வரன் உட்பட.
நான் சும்மா நின்றேன்.
ஒரு மூச்சு. இரண்டு.
ஹேமாவதி எழுந்திருக்கவில்லை,
மேசையைப் பார்த்தபடியே சொன்னாள்:

'ராத்திரி பெட்டி ஒட்ட ஒரு கட்டு அட்டை வரும், மிஸ்.
முன்ன நாலு பேரு பிரிச்சிக்குவோம்.
அக்கா கல்யாணமாயி பூட்டா.
இப்ப மூணு பேருதான் கீறோம்.
எனுக்கு ஜாஸ்தியாயிடுச்சி.
மூணுல ஒண்ணுதான் பெருசு.'

பாடம் எல்லாருக்கும் புரிந்துவிட்டது.
யாமினி தலையைத் தலையை ஆட்டினாள்.
நான்தான் கரும்பலகைப் பக்கம் திரும்பி
ஏற்கெனவே சரியாக இருந்த ஒரு கோட்டை
மறுபடி போட்டுக்கொண்டிருந்தேன்.
இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?
முன் தேர்வு, பின் தேர்வு, சராசரி,
எல்லாம் இருக்கிறது படிவத்தில்.
ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்குகிறாய் என்று
இல்லை.
பிறகு கேட்டேன். அவள் சொல்லவில்லை.
அதற்கு நாலு மூச்சு போதாது.

அறிக்கையைப் புரட்டிய தலைமையாசிரியர் பலராமன்
கண்ணாடியைக் கழற்றினார்.
'ஒரு பொண்ணு வாய் திறந்ததுக்கு
இருபத்திரண்டு பக்கமாம்மா?'

பதில் நாக்கு நுனியில் இருந்தது.
பழக்கதோஷம்,
எண்ணத் தொடங்கிவிட்டேன்.
ஒன்று.
இரண்டு.
மூன்று முடியுமுன்
அவராகவே ஜன்னல் பக்கம் பார்த்து,
'எட்டாம் வகுப்புல நானும்,' என்றார்,
'அந்த முன்வரிசை ஆறு பேரைத் தாண்டி…'

நான் இன்னும் பேசவில்லை.