மட்டம் பார்ப்பவன்

காலா கோடாவில் அன்று நல்ல மழை.
டெம்போவிலிருந்து ஏழு பெட்டிகளை
தார்ப்பாய் போர்த்தி இறக்கினோம்
நானும் விட்டல் காம்ளேயும்.
ஒவ்வொரு பெட்டி மேலும்
கண்ணாடிக் கோப்பைப் படம்: உடையும், ஜாக்கிரதை.

ஏழும் ஒரே பெண்.
எனக்கு அது புரிய மூன்றாவது படம்வரை ஆனது.
முதலில் இருபது வயது, நீலச் சட்டை,
கழுத்துவரை பொத்தான், பின்னால் லேத் மிஷின்.
அடுத்ததில் அதே சட்டை.
லேத் நின்ற இடத்தில்
தரையில் நாலு போல்ட் ஓட்டை.
பிறகு நடைபாதையில் சாக்ஸ் விற்கிறாள்.
பிறகு யார் பிள்ளையோ இடுப்பில்.
பிறகு தலைக்குச் சாயம்.
ஆறாவதற்கு அப்புறம் வருகிறேன்.

வரைந்தவர் குவோ மின்ஷூ,
ஷென்யாங்கிலிருந்து வந்திருந்தார்.
சர்ச்கேட்டில் வாங்கிய ரப்பர் செருப்பில்
விலைச்சீட்டு இன்னும் ஒட்டியிருந்தது.
சமூக மாற்றம் பற்றி
சுவரில் ஒட்ட முந்நூறு வார்த்தை
அச்சாகி வந்திருந்தது.
அதைப் போனில் மொழிபெயர்த்துப் படித்தவர்
பாதியில் கொட்டாவி விட்டார்.
என் ஸ்பிரிட் லெவலை வாங்கி
கண்ணருகே வைத்து
வெகுநேரம் குமிழியைப் பார்த்தார்.

"மட்டமா இருக்கா?"
என்னிடம் கற்ற தமிழில் கேட்டான் காம்ளே.
அது இரண்டு கேள்வி என்று
அவனுக்கு நான் இன்னும் சொல்லவில்லை.

ஆறாவது படம்.
சுவர் முன்னே உட்கார்ந்திருக்கிறாள்.
தலைக்குப் பின்னால் சிவப்பு வட்டம்,
வட்டத்துக்குள் ஓர் எழுத்து.
மாதா படத்தில் வருமே, அந்த மாதிரி ஒளி
என்றுதான் நினைத்தேன்.
விரலைக் காட்டிக் கேட்டேன்.
குவோ போனிடம் சொன்னார்,
போன் ஏதோ சர்க்கார் இந்தியில் சொன்னது,
காம்ளே பம்பாய் இந்தியில் சொன்னான்: தோடோ.
எனக்குள் நான் சொல்லிப் பார்த்தேன்: இடி.
வெளியேயும் அதுதான் கேட்டுக்கொண்டிருந்தது.

எங்கள் சந்துக்கு மார்ச்சில் வந்தார்கள்,
தாராவியில், தொண்ணூறடி ரோட்டுக்குப் பின்னால்.
டேப், ஏணி, தலைக்கு மேல் ட்ரோன்.
கதவில் நீலப் பெயிண்டில்
எண் போட்டுவிட்டுப் போனார்கள்.
எண்தான். மரியாதையாக இருந்தது.
முப்பிடாதி ஈரத்துணியோடு துடைக்கப் போனாள்.
"அழிச்சா வீடு கிடையாதாம்"
என்று யாரோ கத்தினார்கள்.
அன்றிலிருந்து எண்ணைச் சுற்றித் துடைக்கிறாள்.
கதவு முழுக்கப் பளபளப்பு,
நடுவில் எண்ணளவு அழுக்கு.

அந்தக் கதவை போனில் காட்டினேன்.
குவோ எண்ணைப் பார்க்கவில்லை.
படத்தின் ஓரத்தில்
பாதி மட்டும் விழுந்திருந்த முகத்தை
இரண்டு விரலால் இழுத்துப் பெரிதாக்கினார்.
உட்காருவாளா என்று கேட்டார்,
வியாழக்கிழமை விமானமாம்,
இரண்டு நாள் இருக்கிறதாம்.

முப்பிடாதி மீன் அலசிக்கொண்டிருந்தாள்.
எல்லாம் சொன்னேன்,
லேத், சாக்ஸ், சாயம், சிவப்பு வட்டம்.
கையை உதறிவிட்டுச் சொன்னாள்:
"ஏழாவது படத்துல அவளுக்கு என்னாச்சி?
அதக் கேட்டுட்டு வாரும்.
பெறவு உக்காருதேன்."

ஏழாவதில் ஜன்னல் இருக்கிறது.
இருபதாவது மாடி இருக்கலாம்,
கீழே கார்கள் அரிசி மாதிரி.
புது சோபா, பிளாஸ்டிக் உறை பிரிக்கவில்லை.
அவள் நிற்கிறாள்.
கையை எங்கே வைப்பதென்று தெரியாதவள் போல.
வாயின் வலது ஓரம் கொஞ்சம் மேலே.
சிரிப்பா?
கேட்டால் குவோ தோளைக் குலுக்குகிறார்.
போனில் அதற்கு மொழிபெயர்ப்பு இல்லை.

எல்லோரும் போன பிறகு
விளக்கை அணைக்காமல் நின்றேன்.
படம்தான் சாய்ந்திருக்கிறதென்று
ஏணி போட்டு
சட்டத்தின் மேல் லெவலை வைத்தேன்.
குமிழி நடுவில் நின்றது.
கொஞ்சம் தள்ளி வைத்தேன்.
நடுவில்தான்.
வீட்டில் என்ன சொல்ல?